வலக்கால் தகடு

கீழக்குயில்குடிக் குளத்தங்கரைப் பாறையில்
தம்பி மாயழகு தொலைநோக்கியை நிறுத்துகிறான்.
"இதுக்கு மூணு கால்க்கா. எனக்கு ஒண்ணரை."
நான் சிரிக்கவில்லை.
அவன் சிரித்தான், மலை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

மார்கழி. மணி பதினொன்றரை.
கிழக்கே மதுரை,
பரோட்டாக் கல் இன்னும் ஆறாத கடை போல
வானத்தின் ஓரத்தைக் கருக்கிக்கொண்டிருக்கிறது.
எங்கோ ஐயப்ப பஜனை,
காற்றுவாக்கில் வந்து பாதிச் சரணத்தில் அறுந்துபோகிறது.

உச்சிக்குப் பக்கத்தில் மூன்று வெள்ளி ஒரே கோட்டில்.
தள்ளித் திருவாதிரை, வெற்றிலை போட்ட வாய்ச் சிவப்பு.
"கோட்டுக்குக் கீழ பாரு,
அழுக்குப் பட்ட மாதிரி இருக்கும். அதான் நெபுலா."

அவன் போனில் அதன் படம் இருக்கிறது:
விளக்குத்தூண் கடையில் விசிறிப்போட்ட
மயில்கழுத்துச் சுங்குடி, அத்தனை புள்ளி, அத்தனை மடிப்பு.
குழாயில் கண் வைத்தேன்.
சாம்பல்.
கற்பூரம் அணைந்த தட்டில் கடைசியாய் எழும் புகை.

"கலர் எங்கடா?"
"அது கேமராவுக்கு. ரொம்ப நேரம் திறந்தே வெச்சிருந்தா வரும்.
நம்ம கண்ணுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

நானும் திறந்துதான் வைத்திருந்தேன்,
பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவில், எட்டு ராத்திரி.
ஐந்தாம் நாள் தெற்காவணி மூல வீதியில் வாங்கினேன்
வெள்ளித் தகட்டில் ஒரு வலக்கால்.
கால் தங்கினால் உண்டியலில் போடுகிறேன் என்று
வெள்ளியம்பலத்தில் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.
ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை,
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆள் பிழைத்தான். சரி.
நான் கேட்டது காலை.
கேட்டது கிடைக்காதபோது
சொன்ன கடன் யார் கணக்கில் நிற்கும்?
எட்டு மாதமாய் அந்தத் தகடு
ஆதார் அட்டைக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவில்
என் கைப்பையில் இருக்கிறது.

அங்கே நிற்கிறவர்
கால் வலிக்குமே என்று ஒரு பாண்டியன் அழுததற்காக
மாற்றி ஆடியவராம்.
ராஜா கேட்டால் நடக்கும் போலிருக்கிறது.
இப்போது அவர் ஊன்றியிருப்பது இடக்கால்.
மாயழகு ஊன்றுவதும் இடக்கால்.
இது ஆறுதலா, கேலியா?
அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

"இந்த வெளிச்சம் கிளம்பி ஆயிரத்து முந்நூறு வருசம்க்கா.
மேல சமணங்க உளி வெக்கிறதுக்கு முன்னாடி."
அப்படியென்றால் என் வியாழக்கிழமை
அங்கே போய்ச் சேர இன்னும் எவ்வளவு இருக்கிறது?
இருட்டில், பாறையில், அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்
எதையும் கேட்காமல்,
எதையும் தருவதாகவும் சொல்லாமல்.

அந்தப் புகைக்குள் நட்சத்திரம் பிறக்கிறதாம்.
"யாருக்காகடா?"
"யாருக்காகவோன்னா இவ்வளவு தேவையில்லயேக்கா."

ரோந்து பைக் வந்தது. "என்ன, டிரோனா?"
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
குனிந்த ஏட்டு நெடுநேரம் நிமிரவில்லை.
நிமிர்ந்து கேட்டார்:
"இதுக்குக் கோயில் எதும் இருக்கா?"
நாங்கள் இருவருமே பதில் சொல்லவில்லை.

அவர் போனபின் காற்று எழுந்தது.
ஒரு கால் பள்ளத்தில். குழாய் நடுங்க, புகையும் நடுங்கியது.
"தட்டையா ஏதாவது இருக்காக்கா, அண்டை குடுக்க?"

பையைத் திறந்தேன்.
அவன் விரல் இருட்டில் தகட்டைத் தடவியது,
குதிகால், கணு, பிறகு ஐந்து விரலும்
ஒவ்வொன்றாக.
ஒன்றும் கேட்கவில்லை.
மடித்து, செருகினான்.

ஆட்டம் நின்றது.
"இப்பப் பாரு."

வீட்டு வெளிச்சத்தில் பார்க்கிறேன்:
கணுக்காலில் மடிப்பு, பாதத்தில் குளத்து மணல்.
உண்டியல் இதை வாங்குமா, தெரியவில்லை.
துடைக்காமல் மறுபடி பைக்குள் வைத்திருக்கிறேன்.